காகிதக் கப்பை மண்ணில் புதைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப் பட்டத்துக்கு வீட்டிலேயே நாற்று விடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டில் வீணாகும் டப்பா, கப், பாட்டில் எதையும் தூக்கிப் போடாமல் விதை போடப் பயன்படுத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்ல யோசனைதான், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் நடுவில், டீக்கடைக் காகிதக் கப்பில் விதை போட்டு, நாற்று வளர்ந்ததும் கப்போடு சேர்த்தே மண்ணில் வைத்துவிடலாம், கப் மக்கி உரமாகிவிடும் என்று ஒரு வரி வருகிறது. அது தப்பு. ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் திருத்திப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டால், நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி மலைக்குப் போன நாளிலிருந்து முட்டி வலி வந்து கீழே இறங்குகிற வரைக்கும், பைக்கு மண் நிரப்புவதும் நாற்று மாற்றி நடுவதும்தான் என் பிழைப்பு. இப்போது கன்னங்குறிச்சியில் மகன் வீட்டோடு இருக்கிறேன். மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய், பந்தல் போட்டுப் பீர்க்கை என்று வீட்டுக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிற அளவுக்கு வருகிறது. நாற்றுக்கென்று எதுவும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

சரி, கப்புக்கு வருகிறேன். டீக்கடைக் கப் வெறும் காகிதமாக இருந்தால் சூடாக டீ ஊற்றியதும் ஊறிக் கிழிந்துவிடும். கிழியாமல் நிற்பதற்குக் காரணம் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். சந்தேகம் இருந்தால் ஒரு கப்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள். காகிதம் கூழாகக் கழன்றுபோகும், மெல்லிய தோல் ஒன்று கையில் மிஞ்சும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் இருப்பது இதனால்தான். தடைக்குப் பிறகும் கப் தெருவெல்லாம் கிடக்கிறது என்பது வேறு கதை. அந்தத் தோல் மண்ணில் மக்காது, இளம் வேரால் அதைத் துளைக்கவும் முடியாது.

பக்கத்து வீட்டுத் தம்பி போன ஆடியில் கத்தரி நாற்றைக் கப்போடு வைத்தான். செடி முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. காலையில் நன்றாக இருக்கும், வெயில் ஏறினால் துவண்டுவிடும். தண்ணீர் ஊற்றி ஊற்றி அவனுக்கும் அலுத்துவிட்டது. கடைசியில் பிடுங்கிவிட்டு, "பெரியம்மா, இதைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் காகிதம் முழுக்கக் கரைந்துபோயிருக்கிறது, ஆனால் கப்பின் உருவம் மட்டும் அப்படியே நிற்கிறது. விளிம்புக்கு மேலே நாலைந்து வேர் தப்பித்து வெளியே போயிருந்தது. மீதி வேரெல்லாம் உள்ளேயே வட்டமடித்து, அடியில் சடை பின்னியது போல இறுகிக் கிடந்தது. அந்தப் படலத்தை நகத்தால் உரித்து எடுத்தோம், ஒரு கிழிசல்கூட இல்லை.

எஸ்டேட்டில் இந்த வேர் சுருளும் விஷயத்தில் மேஸ்திரி சும்மா விடமாட்டார். மார்கழி, தை மாதத்தில் காபி விதையைப் பாத்தியில் போடுவோம். முளைத்து வர ஒன்றரை மாதம் பிடிக்கும். விதையைத் தலையில் சுமந்துகொண்டு தண்டு நிமிர்ந்து நிற்கும்போது, ஆணிவேர் மடங்காமல் தூக்கிப் பைக்கு மாற்ற வேண்டும். வேர் மடங்கிய நாற்று எவ்வளவு பச்சையாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் தோட்டத்தில் நடும்போதும் பையின் அடிப்பகுதியை மண்ணோடு சேர்த்து ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டு, பையைக் கிழித்து உருவிய பிறகுதான் குழியில் இறக்குவோம். அடியில் சுருண்ட வேர் அந்தத் துண்டோடு போய்விடும். காபி வருஷக்கணக்கில் நிற்கிற செடி, அதற்கே அத்தனை கவனம். ஒரே பட்டத்தில் காய்த்து முடிகிற கத்தரிக்கு, மறுபடி வேர் பிடிக்க அவகாசம் எங்கே இருக்கிறது?

காகிதக் கப்பை இவ்வளவு திட்டிவிட்டு நான் எதைச் சொல்கிறேன் என்றால், பால் கவரைச் சொல்கிறேன். எல்லா வீட்டிலும் தினமும் விழுகிற அரை லிட்டர் பால் கவர். அது பிளாஸ்டிக் என்பதால் யாரும் அதை மதிப்பதில்லை. காகிதக் கப்பின் உள்பக்கமும் பிளாஸ்டிக்தான், காகித வேஷம் போட்டிருப்பதால் நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது. 2019 தடையிலேயே பால் பாக்கெட்டுக்கும், அரசுத் துறைகளின் ஆர்டருக்காக நாற்றுப் பண்ணைகளில் பயன்படும் பைக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பால் வாங்குகிற வரை கவர் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். வந்ததை இன்னும் ஒரு முறை வேலை வாங்கிவிட்டு அனுப்பலாமே என்பதுதான் என் கணக்கு. எஸ்டேட் பை 9 அங்குல உயரம், 6 அங்குல அகலம். பால் கவர் அதைவிடக் கொஞ்சம் குள்ளம், ஒரு காய்கறி நாற்றுக்குத் தாராளம்.

மூலையைக் கத்தரித்துப் பால் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் குட்டி முக்கோணத் துண்டு எங்கேயோ பறந்து சாக்கடையில் போய்ச் சேரும், கவரும் பாதி வீணாகும். மேல் விளிம்பை முழு நீளத்துக்கும் நேராக வெட்டுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் உள்ளே அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். சேலத்து வெயிலில் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அலசாமல் அடுக்கி வைத்தால் எறும்பு வரும், பூனை வரும், அப்புறம் மருமகள் சத்தம் வரும்.

அடுத்தது ஓட்டை. இதைத்தான் எல்லோரும் அசட்டை செய்கிறார்கள். ஊதுபத்தியைக் கொளுத்தி, கனலை அடிப்பக்கம் மெல்லத் தொட்டால் போதும், சுத்தமாக வட்ட ஓட்டை விழும். கத்தரியால் குத்தினால் பிளாஸ்டிக் கிழிந்து, மண் போட்டதும் அந்தக் கிழிசல் மறுபடி மூடிக்கொள்ளும். அடியில் நாலைந்து, பக்கவாட்டில் கீழ்ப்பாதியில் நாலைந்து. மாடியில் காற்றோட்டமாக நின்று செய்யுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. தயிர் கப் மாதிரி தடிமனான டப்பாவுக்கு ஊதுபத்தி போதாது. பழைய ஆணியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காய்ச்சி வையுங்கள். பெரியவர்கள் செய்கிற வேலை அது, பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

மண் நிரப்புவதிலும் ஒரு கைப்பழக்கம் உண்டு. முதலில் ஓட்டையை மூடுகிற அளவுக்குக் கொஞ்சம் தேங்காய் நாரைப் பிய்த்துப் போடுங்கள். தண்ணீர் போகும், மண் போகாது. அதன்மேல் இரண்டு கைப்பிடி மண் போட்டு, கவரின் இரு மூலைகளையும் வெளியிலிருந்து விரலால் உள்ளே தள்ளி அழுத்துங்கள். அடி சப்பையாகிவிடும், கவர் தானாக நிமிர்ந்து உட்காரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தரையில் லேசாக இரண்டு தட்டு. ஒரேயடியாகக் கொட்டினால் நடுவில் காற்று அடைபட்டு, முதல் தண்ணீரிலேயே மண் பாதிக்கு இறங்கிவிடும். அழுத்தி அழுத்தித் திணித்தாலும் வேருக்கு மூச்சு இருக்காது. நிரப்பிய பையைத் தூக்கி விரலால் அமுக்கினால் கொஞ்சம் உள்வாங்கித் திரும்ப வர வேண்டும். மலையில் புதிதாக வந்த பெண்களுக்கு இதைத்தான் முதலில் கற்றுக் கொடுப்போம்.

மண் கலவை எஸ்டேட்டில் காட்டு மேல்மண் 6 பங்கு, மக்கிய தொழு உரம் 2, மணல் 1. மாடியில் அப்படியே செய்தால் நம் ஊர்ச் செம்மண் இறுகிப்போகும். நான் சலித்த செம்மண், மக்கிய எரு, தென்னைநார்த் தூள் மூன்றையும் சம பங்காகக் கலக்கிறேன். மணலுக்கு இன்று யாரிடம் போய் நிற்பது? தென்னைநார்த் தூளை இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். ஜவ்வரிசி ஆலைத் திப்பி (மரவள்ளிக்கிழங்குச் சக்கை) சும்மா கிடைக்கிறதே என்று பச்சையாகக் கொண்டுவந்து கலக்காதீர்கள், புளித்து நாறும்.

மற்ற டப்பாக்களைப் பற்றி என் அபிப்பிராயம். தயிர் கப் தக்காளிக்கும் மிளகாய்க்கும் நன்றாக உதவும். ஐஸ்கிரீம் கப் ரொம்பச் சின்னது, பதினோரு மணிக்குள் காய்ந்துவிடும். ஓட்டலில் சாம்பார் வருகிற வெள்ளை டப்பாவும் பாட்டிலை வெட்டி எடுக்கிற பாதியும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் என்பதால், வெளிச்சம் பட்டுச் சுவரோரம் பாசி பிடிக்கும். பழைய செய்தித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் சரியாகிவிடும் (உங்கள் பேப்பர் இதற்கும் உதவுகிறது). நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் முட்டை அட்டைக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் குழிக்கு ஆழம் போதாது, இரண்டு நாளில் ஊறிப் பிய்ந்துவிடும், மேலே பூசணமும் பூக்கும். கீரை முளைக்க வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். முட்டை ஓட்டில் செடி வளர்ப்பது பார்ப்பதற்கு மட்டும்தான். பூச்சிமருந்து டப்பா, பெயிண்ட் டப்பா இரண்டையும் எவ்வளவு கழுவினாலும் தொடாதீர்கள்.

கொட்டாங்குச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேங்காய்க்கு மூன்று கண் உண்டு, அதில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும், பழைய சாவியால் குத்தினாலே திறந்துகொள்ளும். இயற்கையே போட்டுக் கொடுத்த ஓட்டை அது. கண் இருக்கிற பாதியை மட்டும் நாற்றுக்கு எடுங்கள். கண் இல்லாத பாதியில் ஓட்டை போட நாம் மல்லுக்கட்ட வேண்டும், அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்கு கொசு முட்டை போட ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர் போதும். மாடித்தோட்டம் வைப்பவர்கள் வீட்டில்தான் கொசு என்று தெருவில் பேச்சு வருவதும் இதனால்தான், அதில் உண்மையும் இருக்கிறது. கண் இல்லாத பாதியை வெந்நீர் அடுப்புக்கு அனுப்பிவிடுங்கள். எந்த டப்பாவாக இருந்தாலும் அடியில் தட்டு வைத்திருந்தால், தண்ணீர் விட்ட அரை மணியில் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும்.

எதை டப்பாவில் போடுவது, எதை நேராக மண்ணில் போடுவது என்று அந்தக் கட்டுரையில் பிரித்துச் சொல்லவில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டே ஆக வேண்டியவை. தக்காளி ஒரு வாரத்துக்குள் முளைக்கும், 25 நாளில் மாற்றி நடலாம். கத்தரிக்கு 30 முதல் 35 நாள் ஆகும். மிளகாய் சோம்பேறி, முளைக்கவே பத்து நாள் எடுக்கும், 40 நாள் பொறுக்க வேண்டும். வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரை இவற்றுக்கு டப்பாவே வேண்டாம், நேராக விதையுங்கள். கீரை விதையை எறும்பு தூக்கிப்போகும். விதைத்த இடத்தைச் சுற்றி ஒரு பிடி ரவையைத் தூவினால் எறும்பு ரவையை இழுத்துக்கொண்டு போய்விடும். பீர்க்கை, புடலை, பாகல் இவற்றின் வேர் கை பட்டால் கோபித்துக்கொள்ளும். அவற்றுக்குத்தான் பால் கவர் முதல் தரம். கவருக்கு ஒரு விதை போட்டு, மூன்று நாலு இலை வந்ததும் பிளேடால் பக்கவாட்டில் ஒரு கீறல் கீறினால், மண் கட்டியோடு அப்படியே குழியில் வழுக்கி இறங்கும். கிழிந்த கவரை மண்ணில் விடாமல் எடுத்து, மக்காத குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

விதைக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. உழவர் சந்தையில் நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியாக ஒன்று பொறுக்கி, விதையைச் சாறோடு கிண்ணத்தில் பிழிந்து ஓர் இரவு வைத்தால் மேலே இருக்கும் வழவழப்பு விட்டுப்போகும். கழுவி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். காபி விதையையும் பழத்திலிருந்து பிதுக்கி எடுத்து, சாம்பலில் தேய்த்து, நிழலில்தான் காயவைப்போம். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத் தக்காளி விதை முளைக்கும், ஆனால் தாயைப் போலக் காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முளைத்த பிறகு எங்கே வைப்பது என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆடியில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுகிற வீட்டில், வெளிச்சம் படாத அறையில் வைத்து, நெடுநெடுவென்று மஞ்சளாக வளர்த்தெடுப்பார்கள். அம்மனுக்கு அதுதான் அழகு. தக்காளி நாற்று அப்படி வந்தால் தலை தாங்காமல் படுத்துவிடும். ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாக நீளும். முதல் முளை மண்ணைக் கீறிக்கொண்டு வந்த அன்றைக்கே மேலே மூடியிருக்கும் மூடியையோ ஈரச் சாக்கையோ எடுத்துவிட்டு, காலை வெயில் படுகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பத்து மணிக்கு மேல் பழைய மெல்லிய நூல் புடவை ஒன்றை நாலு குச்சியில் கட்டி நிழல் கொடுங்கள். மலையில் பந்தல் நிழலில் குளிர்ந்த காற்றில் வளர்கிற நாற்றுக்கும், சேலத்துச் சிமெண்ட் தளத்துச் சூட்டில் நிற்கிற நாற்றுக்கும் வித்தியாசம் உண்டு. தளத்தின்மேல் நேராக வைக்காமல் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் வையுங்கள். ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தயிர் கப்பெல்லாம் உருண்டு தெருவுக்குப் போய்விடும். மாம்பழம் வந்த மரப்பெட்டி ஏதாவது வீட்டில் கிடந்தால் அதற்குள் நெருக்கமாக அடுக்கிவிடுங்கள்.

கடைசியாக நாற்றழுகல். நேற்றுவரை நன்றாக நின்ற நாற்று, தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் கறுத்து நூலாக மெலிந்து சாய்ந்துவிடும். பூச்சி வெட்டியது என்று நினைத்துப் பூச்சிமருந்து தேடி ஓடுவார்கள். அது பூஞ்சணம். ஈரம் வடியாமல் நின்றாலும், ஒரு கப்பில் இருபது விதையைக் கொட்டினாலும் வரும். வந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை, மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். போன வருஷ டப்பாவை மறுபடி எடுக்கும்போது சோப்புப் போட்டுக் கழுவி ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்தால் பாதித் தொல்லை குறையும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத் தூள் உரக் கடையில் கிடைக்கும், விதைப்பதற்கு முன் விதையில் புரட்ட, கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. நம் ஒரு சிட்டிகை விதைக்கு விரல் நுனியில் ஒட்டுகிற தூளே அதிகம். மீதியை எருவில் கலந்துவிடலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டுரை எழுதியவரைக் குறை சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் உங்கள் இணைப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள், எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பார்த்தேன். அவர்கள் ஆடிப்பெருக்கன்று நாற்றைக் கப்போடு புதைத்துவிட்டு, தங்களுக்குக் கைராசி இல்லை என்று ஐப்பசியில் தோட்டத்தையே விட்டுவிடுவார்கள். அதனால் சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது திருத்தம் போடுங்கள். கூடவே படம் போடுவதாக இருந்தால், டப்பாவைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.